லெம்ஃபோர்டர் டிஃபரன்ஷியல் புஷ்: ஈ30 காரில் இரண்டு வருடம், 19,000 கிலோமீற்றர்

இது ஒரு றப்பர் துண்டைப் பற்றிய விமர்சனம். கைக்குள் அடங்கும் அளவுதான். நடுவில் ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம், இரண்டுக்கும் இடையில் கெட்டியான கறுப்பு றப்பர். லெம்ஃபோர்டர் தயாரிப்பு, நான் வாங்கியபோது 34 யூரோ. என்னிடம் இருப்பது 1988ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 320ஐ, ஈ30 என்று ஆட்கள் சொல்லும் கார். அதன் பின்பக்க டிஃபரன்ஷியலை, அதாவது எஞ்சினின் இழுவையைப் பின்சில்லு இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியை, காரின் உடலோடு பிடித்து வைத்திருப்பது இந்தப் புஷ்தான். 2023 ஏப்ரலில் வீட்டுக் கராஜில் நானும் மகனும் சேர்ந்து பூட்டினோம். இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது, 19,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை. வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள்.

ஆனால் இந்தப் புஷ்ஷுக்கு வந்து சேர நான் சுற்றிய பாதை நீளம். அதையும் எழுதுகிறேன். பழைய கார் வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் சிலர் இதே சத்தத்தோடு வருடக்கணக்காக ஓடுகிறார்கள். சிலர் வேறு எதையெதையோ மாற்றி நிறையக் காசும் கொடுத்துவிட்டார்கள்.

நான் 1991இல், 20 வயதில், ஜேர்மனியில் டோட்முண்டுக்கு வந்தேன். முதல் வேலை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவது. முதலாளியிடம் கடும் நீலத்தில் ஓர் ஈ30 நின்றது. வேலை முடிய நடுச்சாமம் ஆகி, பஸ்ஸும் போய்விட்ட நாட்களில் அதில் என்னை ஏற்றிக்கொண்டு போய் அறையில் விடுவார். ஆறு சிலிண்டர் எஞ்சின் அந்தக் குளிரிலும் ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டு போகும். அன்றைக்கே மனதில் விழுந்த கார். என் கைக்கு ஒன்று வந்தது 2017இல்தான்: 2 லீற்றர், 129 குதிரைவலு, வெள்ளி நிறம், கொஞ்சம் துரு. அடுத்த வருடம் 30 வயது நிறைந்ததும் பழங்காலக் கார்களுக்குக் கொடுக்கும் எச் எழுத்து இலக்கத்தகடு எடுத்தேன். அதற்கு வருட வரி 191 யூரோ 73 சென்ட், எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவ்வளவுதான்.

2020 இலையுதிர்காலத்தில் சத்தம் தொடங்கியது. முதல் கியரில் கிளச்சை விடும்போது பின்னால் ஒரு 'டொக்'. ஓடிக்கொண்டிருக்கும்போது அக்ஸிலறேற்றரிலிருந்து காலை எடுத்தால் இன்னொரு 'டொக்'. மீண்டும் மிதித்தால் மூன்றாவது. நேராக ஒரே வேகத்தில் போனால் ஒன்றுமே இல்லை. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு ஏ2 ஓட்டோபானில் போய், உவென்ட்ரோப்பில் இறங்கும் இடத்தில் வேகம் குறைத்தபோது மனைவி திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "டிக்கிக்குள்ள தேங்காய் உருளுதோ?" தேங்காய் அவருடைய காலடியில்தான் இருந்தது.

காரை ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். அங்கே ஓடிப் பார்த்துவிட்டு ஒரு தாளில் எழுதித் தந்தார்கள்: புறொப் ஷாஃப்டின் (எஞ்சின் பக்கத்துச் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் நீளத் தண்டு) நடுத் தாங்கி, கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள றப்பர் தட்டு, சப்ஃபிரேம் (பின்னச்சைத் தாங்கும் இரும்புச் சட்டம்) புஷ் இரண்டு, கூலி, வரி, எல்லாம் சேர்த்து 1,480 யூரோ. அவர்கள் சொன்ன எல்லாமே இப்படிச் சத்தம் போடக்கூடியவைதான், அதில் பிழையில்லை. ஆனால் காரைத் தூக்கி, ஒரு கம்பியைக் கொடுத்து எது ஆடுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் முன்சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜக்கால் தூக்கி, இரண்டு ஸ்டாண்டில் இறக்கினேன். மகனுக்கு அப்போது 17 வயது. நான் கீழே படுத்து வெளிச்சம் பிடித்தேன். அவன் ஒரு நீளக் கம்பியை டிஃபரன்ஷியலின் பின்மூடிக்கும் காரின் அடித்தளத்துக்கும் நடுவில் கொடுத்து மெல்ல நெம்பினான். "அப்பா, இது நடக்குது," என்றான். ஓம், நடந்தது. ஒரு விரல் அகலத்துக்கு டிஃபரன்ஷியல் மேலும் கீழும் போய் வந்தது. புஷ்ஷின் நடுக்குழாய் நடுவில் இல்லை, ஒரு பக்கம் சரிந்து போயிருந்தது. றப்பரில் பிறை வடிவத்தில் வெடிப்பு, அதற்குள் நகம் போகும். சப்ஃபிரேம் புஷ் இரண்டையும் அதே கம்பியால் நெம்பினோம். வயதுக்கு ஏற்ற தளர்வு இருந்தது, ஆனால் சத்தம் போடும் அளவுக்கு இல்லை. சத்தம் கேட்டால் முதலில் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்து பாருங்கள். கம்பி ஒன்று போதும்.

ஏன் இந்த ஒரு துண்டு இவ்வளவு சத்தம் போடுகிறது என்று மகன் கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். ஈ30இல் டிஃபரன்ஷியல் சப்ஃபிரேமோடு நேரே போல்ட்டால் இறுகிப் பூட்டப்பட்டிருக்கும், அந்த இடத்தில் நடுவில் றப்பர் கிடையாது. அந்தச் சப்ஃபிரேம் இரண்டு பெரிய றப்பர் புஷ்ஷில் உடலோடு தொங்கும். மூன்றாவது பிடி டிஃபரன்ஷியலின் பின்மூடியில் உள்ள காது. அந்தக் காதுக்குள்தான் இந்தப் புஷ். ஆக, முழுப் பின்னச்சும் ஒரு முக்கோணம்போல மூன்று றப்பரில் நிற்கிறது. நீங்கள் மிதிக்கும்போது உள்ளே சிறிய பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தின் மேல் ஏறப் பார்க்கும். அதனால் டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழும்ப, வால் கீழே அழுந்தும். காலை எடுத்தால் எல்லாம் எதிர்ப்பக்கம். இந்த ஆட்டத்தை வாலில் நின்று தாங்குவது ஒரே ஒரு புஷ். அது செத்துப்போனால் குழாய் வளையத்தில் போய் முட்டும், அந்த முட்டல் நேரே காரின் தகட்டுக்குப் போகும். அதோடு அதன் பாரம் மற்ற இரண்டு புஷ்ஷிலும் விழும், அவையும் கெதியாகப் போய்விடும். பின்னச்சு இதே அமைப்பில் வந்த பிஎம்டபிள்யூ இசட்3 கார்களில் டிக்கித் தளத்தின் வெல்டிங் பொட்டுகள் விட்டு, தகடு கிழிந்துபோவது பலருக்கு நடந்திருக்கிறது. அங்கேயும் டிஃபரன்ஷியலின் பின்பாரம் ஒற்றைக் காதில்தான் தொங்குகிறது. அதனால் இந்தச் சத்தத்தை 'பழைய கார் என்றால் அப்படித்தான்' என்று விடக்கூடாது.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. 2021 வசந்தத்தில் இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஒன்றை வாங்கினேன், 11 யூரோ. படத்தில் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்தது. இரண்டு நாள் மினக்கெட்டுப் பூட்டினோம். சத்தம் நின்றது, சந்தோஷம். 2022 ஒக்டோபரில் அதே 'டொக்' திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்தபோது றப்பரில் ஒரு வெடிப்பும் இல்லை, புதுசுபோல இருந்தது. ஆனால் நடுக்குழாயை விட்டு முழுதாகக் கழன்று நின்றது. இந்த வகைப் புஷ்ஷில் றப்பரை இரும்போடு வெப்பத்தில் ஒட்டவைப்பார்கள். அந்த ஒட்டுத்தான் புஷ்ஷின் உயிர். றப்பர் நல்லதாக இருந்து ஒட்டு விட்டுப்போனால் அது வெறும் வளையம். வேர்னியரால் அளந்தும் பார்த்தேன்: நடுக்குழாய் பழைய ஒறிஜினலைவிட ஒரு மில்லிமீற்றருக்கு மேல் குட்டை. அது சின்ன விடயம் இல்லை. குழாய் குட்டையாக இருந்தால் போல்ட்டை இறுக்கும்போது உடலில் உள்ள பிடியின் இரண்டு காதுகளும் உள்நோக்கி வளையும். குழாய் வடிவாக இறுகாமல் போல்ட்டைச் சுற்றி உராயும். என் போல்ட்டில் அந்த உராய்வின் தழும்பு இருந்தது.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. மூன்று வழி இருந்தது.

ஒன்று போலியூரேதேன். றப்பரைவிடக் கடினமான பிளாஸ்ரிக் வகை, ஒயில் பட்டாலும் ஊறாது, பல வருடம் நிற்கும் என்பார்கள். எஸ்ஸனில் இருக்கும் நண்பர் தன்னுடைய ஈ30இல் அதைத்தான் போட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஓடிப் பார்த்தேன். மிதித்தவுடன் கார் பாய்கிறது, அந்த இறுக்கம் நன்றாகவே இருந்தது. ஆனால் 100ஐத் தாண்டியதும் டிஃபரன்ஷியலின் பல்சக்கரம் பாடுவது காருக்குள் கேட்டது. மெல்லிய, விடாத ஒரு ஊளை. அவருக்கு அது பிடித்திருக்கிறது, வளைவுப் பாதைகளில் போட்டிக்கு ஓடுகிறவர். நான் இந்தக் காரை வாங்கியதே அந்த அமைதிக்காக. என் வழி அதுவல்ல.

இரண்டாவது, பிஎம்டபிள்யூ பெட்டியில் வருவது. விலை கூட. மூன்றாவது லெம்ஃபோர்டர். கீழ் சக்சனியில் லெம்ஃபோர்டே என்று ஒரு சிறிய ஊர், பெயர் அங்கிருந்து வந்தது. இன்றைக்கு இசட்எஃப் குழுமத்தின் ஒரு வணிகப் பெயர். கார் தயாரிக்கும் நிறுவனங்களுக்கே சஸ்பென்ஷன் சாமான் கொடுக்கிறவர்கள். பெட்டியைத் திறந்ததும் வேர்னியரை எடுத்தேன். நடுக்குழாயின் நீளம் காரோடு வந்த பழைய புஷ்ஷோடு அப்படியே பொருந்தியது. வெளிவளையத்தில் பிசிறு இல்லை. றப்பர் இரும்பைத் தொடும் இடத்தில், நகத்தால் கிளறிப் பார்த்தாலும், ஒரு இடைவெளி இல்லை. மலிவுப் புஷ்ஷில் அந்த ஓரம் ஏற்கனவே உதடுபோல எழும்பியிருந்தது, அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

இனி வேலை. எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்டால் அயலவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. அதனால் சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கினோம். வியாழன் இரவே போல்ட் எல்லாவற்றுக்கும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிட்டேன், வெள்ளி இரவு இன்னொரு முறை. புதுப் புஷ் இரண்டு நாளாகப் ஃப்றீசரில், மீன் பைகளுக்குப் பக்கத்தில், பொலித்தீனில் சுற்றிக் கிடந்தது.

இந்த முறை நான்கு ஸ்டாண்டிலும் காரை நேர்மட்டமாக ஏற்றினேன். முதல்முறை பின்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு ஒயில் நிரப்பும்போது அளவு பிழைத்தது. கழற்றிய சில்லுகளைக் காரின் ஓரத்தில் கீழே தள்ளி வைத்தேன். எது தவறினாலும் கார் சில்லின் மேல் விழட்டும், எங்கள் மேல் அல்ல. தனி ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள்.

அடுத்தது சைலன்சர். அதைத் தாங்கும் றப்பர்களைக் கழற்றிக் கொஞ்சம் கீழே இறக்கி, ஒரு கட்டையில் வைத்தோம். பிறகு ஒயில். இங்கே ஒரு முறை இருக்கிறது: முதலில் நிரப்பும் மூடியைத் திறந்து பாருங்கள், அது திறந்தால் மட்டும் வடிக்கும் மூடியில் கை வையுங்கள். ஒயிலை வடித்த பிறகு நிரப்பும் மூடி திறக்க மறுத்தால் காரை நகர்த்தவே முடியாது. என் காரில் இரண்டுக்கும் 14 மில்லிமீற்றர் ஆறுமூலைச் சாவி. வந்த ஒயில் இரண்டு வருடத்துக்கு முன் ஊற்றியதுதான், சுத்தமாக இருந்தது. அந்தக் கழிவொயிலைப் பழைய கலனில் ஊற்றி, வாங்கிய கடையிலேயே ரசீதோடு கொடுத்துவிட்டேன். இங்கே ஒயில் விற்கிற கடை அதே அளவு பழைய ஒயிலைத் திருப்பி எடுக்கவேண்டும் என்பது சட்டம்.

டிஃபரன்ஷியலுக்குக் கீழே ஜக்கை, மேலே ஒரு மரத்துண்டோடு வைத்து, பாரத்தை மட்டும் ஏந்தும்படி முட்டுக் கொடுத்தோம். பின்மூடியில் வேகமானிக்கான சென்சர் ஒன்று இருக்கும், அதன் வயரை முதலில் கழற்றவேண்டும். மறந்து மூடியை இழுத்தால் வயர் அறும். அதன் பிறகு காதின் வழியாகக் குறுக்கே போகும் நீளப் போல்ட். முதல்முறை அது நடுக்குழாயோடு துருவால் ஒட்டி, அதற்கே அரை நாள் போனது. இந்த முறை நட்டு கழன்றதும் போல்ட் கையோடு வந்துவிட்டது, ஏனென்றால் 2021இல் அதைத் துலக்கிக் கொஞ்சம் செப்புப் பசை பூசித்தான் போட்டிருந்தேன். இழையில் பூசாதீர்கள், இறுக்கும் அளவு பிழைக்கும். தண்டில் மட்டும். பின் மூடியைச் சுற்றியுள்ள போல்ட்டுகளைக் கழற்றி, ஒரு பிளாஸ்ரிக் சுத்தியலால் பக்கவாட்டில் இரண்டு தட்டு. மூடி வந்துவிட்டது. டிஃபரன்ஷியல் முழுவதையும் இறக்கத் தேவையில்லை. இது ஈ30இன் பெரிய வசதி, வீட்டிலேயே செய்யலாம் என்று நான் துணிந்து சொல்வதும் இதனால்தான்.

மூடியை மேசைக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை, பழைய புஷ் எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று மூடியில் வெள்ளை மையால் கோடு போட்டது. படமும் எடுத்தான் மகன்.

பழையதை எடுக்கும் முறைகளில் நெருப்பு வைத்து றப்பரை எரிப்பதும் ஒன்று. செய்யாதீர்கள். அந்தப் புகை நஞ்சு, அயலில் குழந்தைகள் இருக்கிறார்கள். நாங்கள் றப்பரில் சுற்றிவரத் துளை போட்டு, துளைகளைக் கத்தியால் இணைத்து நடுக்குழாயைத் தள்ளி எடுத்தோம். மலிவுப் புஷ்ஷில் அது ஏற்கனவே கழன்றிருந்ததால் இன்னும் சுலபம். மிஞ்சியது வெளிவளையம். இரும்பறுக்கும் வாளின் அலகைக் கழற்றி வளையத்துக்குள் விட்டு, மறுபக்கம் மீண்டும் பூட்டி, உள்ளிருந்து வெளியாக அறுக்கவேண்டும். மூடி அலுமினியம், வளையம் இரும்பு. இரும்பை அறுத்து முடிக்கும் நேரத்தில் வாளின் சத்தம் மாறும், கைக்கு ஒரு மென்மை தெரியும். அந்த இடத்தில் நிறுத்தவேண்டும். மூடியில் ஆழமாக வெட்டு விழுந்தால் மூடியே போய்விடும், பழைய காருக்கு அது தேடி எடுப்பது கஷ்டம். நான் நிறுத்திய இடத்தில் முடி அளவு இரும்பு மிச்சம் இருந்தது. ஒரு தட்டை உளியால் மடக்கியதும் வளையம் சுருண்டு வெளியே வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், துருத் தூள் கண்ணுக்குத்தான் பறக்கும்.

அறுத்துக்கொண்டிருக்கும்போது பெரியப்பா நினைவுக்கு வந்தார். சாவகச்சேரியில் அவரிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 இருந்தது, வாடகைக்கு ஓடும். 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோல் இல்லை, கொஞ்சப் பெற்றோலால் எஞ்சினைத் தொடக்கிவிட்டு மண்ணெண்ணெயில்தான் ஓட்டுவார். உதிரிப்பாகம் என்று ஒன்றும் வராது. ஸ்பிறிங் புஷ் போய்விட்டால் பழைய லொறி ரயரை வட்டமாக வெட்டி, நடுவில் காய்ச்சிய கம்பியால் துளை போட்டு, சோப்புத் தண்ணீர் பூசி அடித்து ஏற்றுவார். வெட்டும் கத்தியைப் பிடித்திருப்பது என் வேலை. "புஷ் என்டது காருக்கு மூட்டுச் சவ்வு மாதிரி தம்பி, எலும்பு எலும்போட முட்டக்கூடாது," என்பார். அந்த ரயர்ப் புஷ் ஆறு மாதம் தாக்குப் பிடிக்கும். என் கையில் 34 யூரோவுக்கு நேர்த்தியாக வார்த்த ஒன்று ஃப்றீசரில் கிடந்தது. அவருக்கு அதைக் காட்டியிருக்கவேண்டும் என்று இருந்தது.

மூடியைப் பெற்றோலியம் வாசனை போகும்வரை சவர்க்காரத்தால் மூன்று முறை கழுவி, சமையலறை ஓவனில் 100 பாகையில் அரை மணிநேரம் வைத்தோம். மனைவி யன்னல்களைத் திறந்துவைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒரு பக்கம் மூடி சூட்டில் விரிய, மறுபக்கம் புஷ் குளிரில் சுருங்க, இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த இறுக்கம் கொஞ்ச நேரத்துக்குத் தளரும். அதற்குள் ஏற்றிவிடவேண்டும். ஹோர்ன்பாக் கடையில் வாங்கிய 12 மில்லிமீற்றர் இழைக்கம்பி, தடித்த வாஷர்கள், ஒரு பக்கம் வெளிவளையத்தின் விளிம்பில் மட்டும் உட்காரும் பெரிய சொக்கெட், மறுபக்கம் புஷ் உள்ளே வர இடம் விடும் ஒரு குழாய்த் துண்டு. இதுதான் எங்கள் பிரஸ், எல்லாம் சேர்த்து 20 யூரோவுக்குள். வெளிவளையத்தைத்தான் தள்ளவேண்டும். றப்பரையோ நடுக்குழாயையோ தள்ளினால் ஒட்டு அன்றைக்கே பாதி கிழிந்துவிடும்.

மகன் ஸ்பனரைச் சுற்ற, நான் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லெம்ஃபோர்டர் எனக்கு உண்மையில் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். மலிவுப் புஷ் ஏறும்போது சரிந்தது, இரண்டு முறை திருப்பி எடுத்து நேராக்கவேண்டியிருந்தது. இது விளிம்பில் இலேசாகச் சரிவு சீவியிருப்பதால் தானாகவே நேர் பார்த்து ஏறியது. நான்கு நிமிடம் ஆகியிருக்காது. கோட்டோடு கோடு.

திருப்பிப் பூட்டும்போது இரண்டு விடயம். மூடியின் முகத்தில் பழைய கஸ்கெற்றைத் துப்புரவாகச் சுரண்டி, புதுக் கஸ்கெற் வையுங்கள், இல்லாவிட்டால் ஒயில் கசியும். அந்த நீளப் போல்ட்டை முதலில் கையால் மட்டும் ஏற்றி, ஜக்கை இறக்கி, டிஃபரன்ஷியல் தன் பாட்டில் தொங்கும் நிலைக்கு வந்த பிறகுதான் முழுதாக இறுக்கவேண்டும். நடுக்குழாய் இறுகியதும் அது சுழலாது, றப்பர்தான் முறுகும். தூக்கிய நிலையில் இறுக்கினால் றப்பர் நின்ற இடத்திலேயே முறுக்கோடு வாழும், அந்தப் புஷ் நீடிக்காது. இறுக்கும் அளவுகளை உங்கள் காருக்கான கைநூலில் பாருங்கள், மொடலுக்கு மொடல் மாறும். ஒயில் ஜிஎல்-5, 75டபிள்யூ-90, 0.9 லீற்றர். நிரப்பும் துளையில் வழியத் தொடங்கும்வரை.

மதியம் இரண்டரைக்கு முடிந்தது. ஆறரை மணிநேரம், நடுவில் ஒரு தேநீர். தெருவில் இறக்கி முதல் கியரில் கிளச்சை விட்டேன். ஒன்றும் இல்லை. கார் நகர்ந்தது, அவ்வளவுதான். வளைவில் காலை எடுத்தேன், மீண்டும் மிதித்தேன். மகன் பின்சீற்றில் காதை வைத்துக்கொண்டு, "இல்லை அப்பா, ஒண்டும் இல்லை," என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பி கொடுத்துப் பார்க்கிறேன். குழாய் நடுவிலேயே நிற்கிறது, ஓரத்தில் ஒட்டு எழும்பவில்லை. ஓட்டோபானில் 130இல் டிஃபரன்ஷியலின் சத்தம் காருக்குள் வருவதில்லை. போன ட்யூஃப் வாகனப் பரிசோதனையில் பார்த்தவர் அடியில் வெளிச்சம் அடித்து, இந்த இடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் அடுத்ததற்குப் போனார். அதற்கு முந்தியமுறை அதே இடத்தில் "புஷ்ஷில் ஆட்டம்" என்று ஒரு வரி இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. பெட்டிக்குள் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை, எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று எதுவும் சொல்லவில்லை. கோடு போடாமல் பழையதைக் கழற்றியவர் திண்டாடுவார். போல்ட்டும் நட்டும் கூடவே வராது, தனியே வாங்கவேண்டும். சின்ன டிஃபரன்ஷியலா பெரியதா என்று பார்த்து வாங்குங்கள். என் 320ஐயில் சின்னது, 325ஐயில் 188 மில்லிமீற்றர்ப் பெரியது. மூடியும் வேறு, ஒயில் அளவும் வேறு. விலையும் கடைக்குக் கடை நிறைய மாறுகிறது. அதே புஷ்ஷை 26 யூரோவுக்கும் 49 யூரோவுக்கும் கண்டேன். மிக மலிவாகத் தந்த கடையை நான் தவிர்த்தேன், பெட்டியின் படம்கூடப் போடாமல் விற்றார்கள்.

கீழே படுத்து வேலை செய்யப் பழக்கமில்லாதவர்கள், நல்ல ஸ்டாண்ட் இல்லாதவர்கள், இந்தப் புஷ்ஷை வாங்கிக்கொண்டு நம்பிக்கையான ஒரு கராஜில் கூலியை மட்டும் கொடுத்துப் பூட்டலாம். சாமானைக் கொண்டுவந்தால் பூட்டித் தருவீர்களா என்று முதலே கேளுங்கள், எல்லோரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

சப்ஃபிரேம் புஷ் இரண்டுக்கும் இப்போது 37 வயது. அவற்றில் வெடிப்பு தொடங்கிவிட்டது. அதற்கும் லெம்ஃபோர்டரே வாங்கி, கராஜில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். மகன் இப்போது ஆகனில் படிக்கிறான், கோடை விடுமுறைக்கு வந்ததும் தொடங்குவோம்.